கிறிஸ்மஸ் நிதி 7,200 வெள்ளி: மேடைக்கா, வீடுகளுக்கா?

#1 செம்பனைச்சாலை | 9 நவம்பர் 2025

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் இயங்கும் சபை இளையர் குழுவின் கிறிஸ்மஸ் நிதி இது. கையில் 7,200 வெள்ளி (ரிங்கிட்). வரைவுத் திட்டம்: மேடை, விளக்கு, ஒலிபெருக்கி வாடகை 1,800. 150 பேருக்கு புஃபே, தலைக்கு 18 வீதம் 2,700. சாண்டா வேடமும் 60 பிள்ளைகளுக்குத் தலா 15 வெள்ளிப் பரிசும் 900. வசதி குறைந்த 30 வீடுகளுக்கு 60 வெள்ளிப் பரிசுக்கூடை 1,800.

விழா மேடைக்கும் சாப்பாட்டுக்கும் 4,500, பரிசுக்கும் கூடைக்கும் 2,700 என்று வருகிறது. இப்படிப் பிரித்தது சரிதானா? எதை வெட்டலாம், எதை வெட்டக்கூடாது? கணக்கும் நடைமுறையும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். முதல் திருவருகை ஞாயிறு நவம்பர் 30. அதற்குள் முடிவு எடுக்க வேண்டும்.

#2 கணக்கேடு | 9 நவம்பர்

முதலில் கூடையைப் பிரித்துப் பாருங்கள். பிரம்புக்கூடை, கண்ணாடித்தாள், ரிப்பன், அடியில் திணிக்கும் தாள் இவற்றுக்கே 12லிருந்து 15 வெள்ளி போய்விடும். அடுத்து ஒரு புட்டி நுரைக்கும் திராட்சைச் சாறு, ஒரு பிஸ்கட் டின், கொஞ்சம் சாக்லேட். கூடை நிறைந்து தெரிய இந்த மூன்றும் வேண்டும், சமையலறைக்கு மூன்றும் வேண்டாம். 30 கூடைக்குக் கட்டுமானச் செலவு மட்டும் 400 வெள்ளியைத் தொடும். அந்தப் பணம் வாங்குகிறவர் வயிற்றுக்குப் போகவில்லை, கொடுக்கிறவர் எடுக்கும் படத்துக்குப் போகிறது. கடுமையாகச் சொல்வதாக நினைக்க வேண்டாம். கூடை விற்பனை நடப்பதே இந்தத் தோற்றத்துக்காகத்தான்.

1993இல் ஜோயல் வால்ட்ஃபோகல் என்ற அமெரிக்கப் பொருளியலர் கல்லூரி மாணவர்களிடம், கிடைத்த பரிசுகளைத் தாங்களே மதிப்பிடச் சொன்னார். பரிசின் விலையில் பத்தில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குவரை மதிப்பு காணாமல் போகிறது என்பது அவர் கணக்கு. நெருங்கிய நண்பர் தந்தவற்றில் இழப்பு குறைவு. தாத்தா பாட்டி போன்று தள்ளியிருக்கும் உறவினர் தந்தவற்றில் கூடுதல். வாங்குபவரை எவ்வளவு தெரியுமோ அவ்வளவுதான் பரிசு பொருந்தும் என்பது இதில் தெரிகிறது. நம் குழுவுக்கு அந்த 30 வீடுகளை எவ்வளவு தெரியும் என்பதே முதல் கேள்வி.

#3 மளிகைவரிசை | 10 நவம்பர்

கூடையை விட்டுவிட்டு அரிசிப் பையாகக் கொடுப்பதென்றால் சில நடைமுறைச் சிக்கல்கள் உண்டு.

கட்டுப்பாட்டு விலையில் உள்ளூர் வெள்ளரிசி 10 கிலோ 26 வெள்ளி, சீனி ஒரு கிலோ 2.85. இவை எல்லாக் கடையிலும் ஒரே விலை, பேரம் பேச இடமில்லை. ஆனால் 30 மூட்டை உள்ளூர் அரிசியை ஒரே நாளில் ஒரே கடையில் கேட்டால் கிடைக்காது. கடைக்கு வருவதே அளவாகத்தான், ஓர் ஆளுக்கு இத்தனை என்று எழுதி ஒட்டியிருப்பார்கள். 2.50 வெள்ளிப் பாக்கெட் எண்ணெயைத் தொடவே வேண்டாம். அது உதவித்தொகை பெறும் பொருள், குடும்பங்களுக்கென்று ஒதுக்கீடாக வருவது. குழு மொத்தமாக அள்ளினால் அந்த வாரம் அதே தோட்டத்து அம்மா கடைக்கு வந்து வெறுங்கையோடு திரும்புவார். புட்டி எண்ணெய் வாங்குங்கள்.

மூன்று வாரம் முன்னதாக, இரண்டு மூன்று கடைகளில் பிரித்துச் சொல்லி வையுங்கள். ஈப்போவுக்குப் போய்ப் பேரங்காடியில் வாங்கினால் மலிவு என்று சிலர் சொல்வார்கள். லாரி வாடகையும் ஏற்றுக்கூலியும் சேர்த்துப் பார்த்தால் மிச்சம் ஒன்றும் நிற்காது. டிசம்பர் வியாபாரத்தை நம்பித்தான் நம்ம ஊர்ச் சின்னக் கடைகள் பள்ளித்தவணைச் சரக்குக்கு முன்பணம் கட்டுகின்றன. வியாபாரம் எல்லாமே பண்டிகைக்கு எதிரி என்ற பேச்சை நான் ஏற்கமாட்டேன். தோட்டத்துக்காரருக்குச் சம்பளம் வரும்வரை கணக்கில் எழுதிக் கடன் கொடுப்பதும் அதே கடைதான்.

#4 சம்பளச்சீட்டு | 10 நவம்பர்

மளிகைவரிசை அண்ணன் சொன்ன அந்தக் கடைசி வரிதான் விஷயம். பண்டிகை வரும் தேதியும் பணம் வரும் தேதியும் பொருந்துவதில்லை.

1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, சம்பளக் காலம் முடிந்த ஏழு நாளுக்குள் சம்பளம் தர வேண்டும். அப்படியானால் டிசம்பர் 7 வாக்கில் நவம்பர்ச் சம்பளம், அடுத்தது ஜனவரி 7 வாக்கில். கிறிஸ்மஸ் நடுவில் விழுகிறது. குறைந்தபட்சச் சம்பளம் 1,700. சேமநிதி 11 விழுக்காடும் சொக்சோ சமூகப் பாதுகாப்புச் சந்தாவும் போனால் கையில் 1,500 சுற்று. ஆண்டிறுதி மழையில் இதுவும் ஆட்டம் காணும். பால்மரப் பட்டை நனைந்தால் வெட்ட முடியாது, வெட்டினாலும் பால் கோடு விட்டு மரத்தில் வழிந்து மழையோடு போகும். செம்பனையில் குலைக் கணக்குக்குக் கூலி வாங்குபவருக்கு, பாதை சேறாகிக் குலை வெளியேறாத நாள் வரும்படி இல்லாத நாள்.

அந்த இடைவெளியில்தான் தவணைக்கடன் நுழைகிறது. 12.12 மலிவு விற்பனையில் 600 வெள்ளிப் பொருள், ஆறு மாதத் தவணை, மாதம் 1.5 விழுக்காடு என்று வையுங்கள். வட்டி முழுத்தொகைக்கும் போடப்பட்டால் 54 வெள்ளி, மாதம் 109 கட்ட வேண்டும். பார்க்கச் சின்னதாக இருக்கும். ஆனால் மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே வருவதால் உண்மையான வட்டி ஆண்டுக்கு 30 விழுக்காட்டுக்கு அருகில். கடன் அட்டையின் உச்சவரம்பே 18. உரிமம் பெற்ற வட்டிக்கடை, அடமானம் இல்லாமல் கொடுத்தால் அதுவும் 18ஐத் தாண்டக்கூடாது. ஏற்கெனவே சிக்கியிருப்பவருக்கு ஏகேபிகே கடன் ஆலோசனை இலவசம், 2006இல் பேங்க் நெகாரா அமைத்த நிறுவனம். ஞாயிறு ஆராதனை அறிவிப்பில் அதை ஒரு வரி சேர்த்தால் கூடையைவிடப் பெரிய உதவி.

#5 ஞாயிறுபள்ளி | 11 நவம்பர்

பிள்ளைகள் பகுதி பற்றி. 15 வெள்ளிப் பரிசு 60 வாங்கினால் பாதி ஜனவரிக்குள் உடைந்துவிடும். மலிவு விளையாட்டுப் பொருளில் இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, எம்சி (MC) என்னும் பாதுகாப்பு முத்திரை. 2009 பாதுகாப்பு விதிகளின்படி மலேசியாவில் விற்கும் விளையாட்டுப் பொருளில் இருக்க வேண்டும். இரண்டு, ஒளிரும் பொருள்களில் உள்ள பொத்தான் பேட்டரி. திருகாணி இல்லாத மூடி என்றால் வாங்கவே வாங்காதீர்கள். சின்னப் பிள்ளை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாய் வெந்துபோகும். வயிற்றுவலி என்று வீட்டில் காத்திருக்கும் நேரமல்ல அது, நேரே மருத்துவமனை.

பிள்ளைகளுக்குள் '10 வெள்ளிப் பரிசு மாற்றிக்கொள்வது' என்ற வழக்கத்தையும் நிறுத்தலாம் என்பது என் கருத்து. மூன்று பிள்ளை உள்ள வீட்டுக்கு அது 30 வெள்ளி வரி. தர முடியாத பிள்ளை அன்று காய்ச்சல் என்று வராமல் இருந்துவிடும்.

உண்மையில் தேவைப்படுவது பள்ளிப் பொருள். பேராக்கில் 2026 பள்ளித்தவணை ஜனவரி 12இல் தொடங்குகிறது. கிறிஸ்மஸ் முடிந்து பதினெட்டே நாள். அரசு தரும் 150 வெள்ளி உண்டு, ஆனால் தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டு முடித்து இடைநிலைப்பள்ளிக்கோ புகுமுக வகுப்புக்கோ போகிற பிள்ளைக்கு நீலத்திலிருந்து எல்லாமே மாறும்: பையன்களுக்குப் பச்சைக் கால்சட்டை, பெண்களுக்கு வெளிர்நீலப் பினாஃபோர். அண்ணன் போட்டதைத் தம்பிக்கு மாற்றிவிட வழியில்லாத வீட்டில் அந்த ஆண்டு செலவு கூடும். முதல் முன்னுரிமை அவர்களுக்கும் ஒன்றாம் ஆண்டுக்கும்.

#6 தபேலாதம்பி | 11 நவம்பர்

எல்லாரும் மேடையை வெட்டச் சொல்வீர்கள் என்று தெரியும். ஆனால் கொஞ்சம் பொறுங்கள். தோட்ட லயத்துப் பிள்ளைகளுக்கு ஆண்டில் இந்த ஓர் இரவுதான் பாட்டு, வெளிச்சம், சாண்டா. பட்டணத்துப் பிள்ளை பேரங்காடியில் மாதம் முழுக்கப் பார்ப்பதை இவர்கள் ஒரு மணி நேரம் பார்க்கிறார்கள். அரிசி கொடுத்தால் தருமம், சந்தோஷம் கொடுத்தால் வீண்செலவா? ஏழைக்கு அவசியம் மட்டும் போதும் என்று நினைப்பதும் ஒருவகைக் கஞ்சத்தனம்தான்.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். சாண்டாவே குளிர்பானக் கம்பெனி உண்டாக்கிய விளம்பரம், சிவப்புச் சட்டையும் அவர்கள் கொடுத்தது. அதை மட்டும் எடுத்துவிடலாம்.

#7 கணக்கேடு | 11 நவம்பர்

சந்தோஷத்தை வெட்டச் சொல்லவில்லை தம்பி, வாடகையை வெட்டச் சொல்கிறேன். சாண்டா விஷயத்தில் ஒரு திருத்தம். கோக்க கோலா விளம்பரத்துக்கு ஹேடன் சண்ட்ப்ளோம் வரைந்தது 1931 முதல். அதற்குப் பல பத்தாண்டு முன்பே அமெரிக்க ஓவியர் தாமஸ் நாஸ்ட் பத்திரிகைகளில் தாடிக்கார சாண்டாவை வரைந்துவிட்டார், சிவப்பும் முன்பே இருந்தது. விளம்பரம் அந்த உருவத்தை உலகமெங்கும் நிலைநிறுத்தியது, உண்டாக்கவில்லை.

வேர் புனித நிக்கோலாஸ், மீரா நகரத்து ஆயர், நான்காம் நூற்றாண்டு. இன்றைய துருக்கியில் இருக்கும் ஊர். திருநாள் டிசம்பர் 6. வரதட்சணைக்கு வழியில்லாத மூன்று பெண்களின் வீட்டுக்குள் இரவோடு இரவாகப் பொற்காசுப் பையைப் போட்டுவிட்டுப் போனார் என்பது அவரைப் பற்றிய மரபுக் கதை. யார் கொடுத்தது என்று தெரியாமல் கொடுத்தார், அந்த வீட்டுக்கு என்ன தேவையோ அதைக் கொடுத்தார், தேவைப்பட்ட நேரத்தில் கொடுத்தார். மேடையில் பெயர் வாசித்துக் கூடை கொடுத்துப் படம் எடுப்பது இதற்கு நேர் எதிர். சாண்டா இருக்கட்டும். பெயர்ப் பட்டியல் வாசிப்பது வேண்டாம்.

#8 பலகாரத்தட்டு | 12 நவம்பர்

இதுவரை எழுதிய எல்லாரும் 'நாம் கொடுக்கிறோம், அவர்கள் வாங்குகிறார்கள்' என்றே பேசுகிறீர்கள். நம் ஊர்க் கிறிஸ்மஸ் அப்படி இல்லையே. தீபாவளிக்கு அக்கம்பக்கத்திலிருந்து தட்டு வரும், கிறிஸ்மஸுக்கு நாம் தட்டு அனுப்புவோம், வெறுந்தட்டைத் திருப்பக்கூடாது என்று அவர்கள் ஒரு கை சீனி போட்டுத் தருவார்கள். கையில் காசில்லாத குடும்பத்துக்கு அரிசி இல்லாததைவிட வலிப்பது, அக்டோபரில் வந்த தட்டுக்கு டிசம்பரில் பதில் அனுப்ப முடியாததுதான். அந்தக் கதவைத் திறந்துவிடுங்கள். அவர்களும் கொடுக்கட்டும்.

அதற்குக் கூடையில்லை, பலகாரப் பொட்டலம். ஒரு வீட்டுக்கு: பச்சரிசி மாவு 1 கிலோ, சீனி 1 கிலோ, முட்டை 10, தேங்காய்ப்பால், பாசிப்பயறு அரை கிலோ, சின்ன டின் நெய், புட்டி எண்ணெய் 1 கிலோ. 43 வெள்ளிக்குள் முடியும். கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டிய கடைசி நாள் டிசம்பர் 14. டிசம்பர் 23இல் கொடுத்தால் மாவு மாவாகவே இருக்கும். நம் குழுக்கள் செய்யும் பெரிய பிழை, கொடுக்கும் நாளைக் கிறிஸ்மஸுக்கு முந்தின நாளாக வைப்பது. கொடுக்கிறவருக்கு வசதியான நாள் அது.

அச்சு முறுக்குக்கு அரை கிலோ மாவுக்குச் சீனி 200லிருந்து 250 கிராம், முட்டை நான்கைந்து, தேங்காய்ப்பால் அரை லிட்டரும் கொஞ்சமும். மாவு அச்சில் மெல்லிசாகப் படிய வேண்டும், தோசைமாவை விட நீர்ப்பதம். தவறும் இடங்கள்: அச்சு சூடாகாமல் முக்கினால் மாவு ஒட்டாது. ரொம்பச் சூடானால் மாவு கிண்ணத்திலேயே வெந்து கட்டிப்படும். முக்கால் உயரத்துக்கு மேல் முக்கினால் மாவு மேலே மூடிக்கொண்டு அச்சை விட்டுக் கழலாது. சீனி கூடினால் வேகும் முன் சிவந்து, ஆறினதும் தொய்யும். புது அச்சை ஒரு நாள் எண்ணெயிலேயே ஊறப்போட்டு எடுங்கள். இந்த மழைக்காலத்தில் முழுதும் ஆறாமல் டின்னில் அடைத்தால் உள்ளாவி பட்டு மறுநாளே நமத்துவிடும்.

பாசிப்பயறு, நெய் எதற்கு என்றால், மார்கழி டிசம்பர் 16 வாக்கில் பிறந்துவிடும். பக்கத்து வீட்டில் சைவமாக இருப்பார்கள். ஐயப்பனுக்கு மாலை போட்டவர் வீட்டில் மண்டல பூசைவரை முட்டை கூடாது. கேக்கும் அச்சு முறுக்கும் அங்கே போகாது. வறுத்து அரைத்த பயற்றுமாவு அரை கிலோ, அரைத்த சீனி 350 கிராம், சூடான நெய் 200 கிராம் சுற்று, நெய் உருண்டை பிடித்துத் தனி ஏனத்தில் அனுப்புங்கள். நெய் ஆறினால் உருண்டை பிடிபடாமல் உதிரும், அதனால் மாவைப் பகுதி பகுதியாகப் பிரித்துச் சுடச்சுட ஊற்ற வேண்டும். மலாய்க்காரர் வீட்டுக்கு ஜாக்கிம் ஹலால் முத்திரையுள்ள, உறை பிரிக்காத பிஸ்கட்டும் பழமும். ரம்மில் ஊறவைத்த பழக் கேக்கை 'கொஞ்சம்தான்' என்று அனுப்பி அவர்களைச் சங்கடப்படுத்தாதீர்கள்.

#9 சம்பளச்சீட்டு | 12 நவம்பர்

அக்கா சொன்னது எனக்குத் தோன்றவே இல்லை. ஆனால் பொரிக்க எரிவாயு வேண்டுமே. 14 கிலோ தோம்பு (சிலிண்டர்) 26.60 வெள்ளி. அரசின் சாரா உதவி உள்ளவர் மைகார்டில் (அடையாள அட்டையில்) அரிசி, மாவு, எண்ணெய் வாங்கிக்கொள்வார், கேஸ் அதில் வராது. எனவே அரிசியை விட்டுவிட்டு ஒரு தோம்புக்குப் பணம் சேர்க்கலாம்.

#10 மளிகைவரிசை | 12 நவம்பர்

ரொக்கமாகக் கொடுத்தால் சில வீடுகளில் அது அடுப்புக்குப் போகாது, எங்கே போகும் என்று எல்லாருக்கும் தெரியும். அதற்காக எல்லா வீட்டையும் சந்தேகிக்கவும் கூடாது. வழி எளிது: கேஸ் கடையில் 30 தோம்புக்கு முன்பணம் கட்டி, முகவரி கொடுத்துவிடுங்கள். காலித் தோம்பு கொடுத்துப் புதுசு வாங்கிக்கொள்வார்கள். தோம்பே இல்லாத வீடு ஒன்றிரண்டு இருக்கும், முன்கூட்டியே கேட்டு வையுங்கள். தோட்ட வாசலில் வண்டியை விட நிர்வாகியின் அனுமதியும் வேண்டும்.

#11 ஞாயிறுபள்ளி | 13 நவம்பர்

பள்ளிப் பொருளுக்குச் சீட்டு முறைதான் நல்லது. பொருளாக வாங்கினால் அளவு தவறும், சப்பாத்து கடிக்கும். நடைமுறை: ஊரில் ஒரு துணிக்கடை, ஒரு சப்பாத்துக்கடையிடம் விலைப்பட்டியலை இப்போதே எழுதி வாங்குங்கள், இல்லாவிட்டால் சீட்டு வந்ததும் விலை ஏறும். சீட்டில் தொடர் எண், முத்திரை, தொகை 90, காலாவதி ஜனவரி 10. பிள்ளையின் பெயர் வேண்டாம். சீருடை, கறுப்புச் சப்பாத்து, காலுறை, பை, எழுதுபொருள் மட்டும். மிச்சத்தை ரொக்கமாகத் திருப்பக்கூடாது, கூடினால் பெற்றோர் சேர்த்துக் கட்டலாம். கடை, பில்லோடு சீட்டை இணைத்து அனுப்பினால்தான் பணம். ஜனவரி முதல் வாரத்தில் நடுத்தர அளவுகள் தீர்ந்துவிடும், ஆகையால் சீட்டு டிசம்பர் 14ஆம் தேதியே பலகாரப் பொட்டலத்தோடு போகட்டும். அதே கடையில் மற்றவரும் பணம் கொடுத்து வாங்குவதால் யார் சீட்டில் வாங்குகிறார் என்று வெளியே தெரியாது.

#12 தபேலாதம்பி | 13 நவம்பர்

வீடுவீடாகப் பாடிப்போகும் கீத பவனிக்குக் கிடைக்கும் பண உறைகளையும் இதில் சேர்க்கலாமா? இரவுச்சந்தையில் உண்டியல் வைத்தால் இன்னும் கூடும்.

#13 கணக்கேடு | 13 நவம்பர்

சபை வீடுகளில் விரும்பித் தரும் உறை சரி. அன்றிரவே இருவர் சேர்ந்து எண்ணி, இருவரும் கையெழுத்திட வேண்டும். இரவுச்சந்தை உண்டியல் வேறு விஷயம். பொதுமக்களிடம் சாலையிலோ வீடுவீடாகவோ வசூலிக்க 1947ஆம் ஆண்டுச் சட்டப்படி காவல்துறை உரிமம் வேண்டும். இன்னொன்று, 'ரசீது தருகிறோம், வருமானவரியில் கழித்துக்கொள்ளலாம்' என்று யாரிடமும் சொல்லாதீர்கள். 44(6) பிரிவின் கீழ் அங்கீகாரம் பெற்ற அமைப்பின் ரசீதுக்கு மட்டுமே அது செல்லும்.

#14 செம்பனைச்சாலை | 15 நவம்பர்

எல்லாருக்கும் நன்றி. திருத்திய திட்டம்: மேடைக்குப் பதில் மண்டபத்துத் திண்ணை, சபையின் சொந்த ஒலிபெருக்கி, சிரிம் தரமுத்திரையுள்ள விளக்குச்சரம், மொத்தம் 400. புஃபேக்குப் பதில் சோறும் கோழியும் குழு சமைக்கும், மற்றது வீட்டுக்கு ஒரு பதார்த்தம், 800. பலகாரப் பொட்டலமும் கேஸும் 30 வீட்டுக்கு 70 வீதம் 2,100. பள்ளிச் சீட்டு 40 பிள்ளைக்கு 90 வீதம் 3,600. கையிருப்பு 300, மழையில் வண்டி வாடகைக்கு. சாண்டா வருவார், மிட்டாய் மட்டும், எல்லாப் பிள்ளைக்கும் ஒரே மாதிரி.

#15 தபேலாதம்பி | 15 நவம்பர்

ஒலிபெருக்கி பழையது, ஆனாலும் சம்மதம். பாட்டுப் பயிற்சியை ஒரு வாரம் முன்னுக்குத் தள்ளுகிறேன்.

#16 பலகாரத்தட்டு | 15 நவம்பர்

பட்டியலில் ஒரு குறை. 5ஆம் கட்டை லயத்தில் இப்போது பாதி வீடுகளில் இந்தோனேசியத் தொழிலாளர்கள். அவர்களில் ஃபுளோரஸ் தீவுக் கத்தோலிக்கர்களும் இருக்கிறார்கள், குடும்பம் கடலுக்கு அப்பால். 30 வீட்டில் அவர்களைச் சேர்க்கவில்லை. பொட்டலம் அவர்களுக்குப் பயன்படாது, விருந்துக்கு அழையுங்கள், மலாயில் ஓர் அழைப்பு எழுதி மண்டோர் (வேலை மேற்பார்வையாளர்) கையில் கொடுங்கள். பாட்டில் ஒன்றை மலாயில் வையுங்கள். அச்சு இல்லாத வீடுகள் எத்தனை என்று ஞாயிறுக்குள் எண்ணிச் சொன்னால், இருக்கும் அச்சுகளை மூன்று வீட்டுக்கு ஒன்று என்று முறைவைத்துக் கொடுக்கலாம்.